மறுமலர்ச்சி ஓவியங்களில் ஒளிந்திருக்கும் உடலுறுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்கேலாஞ்சலோவின் ஓவியத்தில் கடவுளைச் சுற்றியுள்ள சிவப்புப் போர்வை ஒரு பக்கம், மூளையின் நெடுக்குவெட்டுப் படம் இன்னொரு பக்கம், கீழே “500 ஆண்டுகளாக மறைந்திருந்த ரகசியம்” என்று ஒரு வரி. இந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். அதைப் பார்த்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

அந்த மூளைக் கதை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிராங்க் லின் மெஷ்பெர்கர் என்ற மருத்துவரிடமிருந்து வந்தது. 1990 அக்டோபரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மூளை நிபுணர் அல்ல, மகளிர் நோய் மருத்துவர். அது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அவர் எடுத்துக்கொண்டது மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் தீட்டிய “ஆதாமின் படைப்பு”. இடப்பக்கம் ஆதாம் சாய்ந்து கிடக்கிறான். வலப்பக்கம் காற்றில் உப்பிய போர்வைக்குள் தேவதூதர்கள் சூழக் கடவுள் கை நீட்டுகிறார். அந்தப் போர்வையின் வெளிவரம்பு, நெற்றியிலிருந்து பின்மண்டை வரை நெடுக வெட்டிய மூளையின் வடிவம் என்றார் மெஷ்பெர்கர். கீழே தொங்கும் பச்சைத் துணி மூளைக்குப் போகும் தமனி. ஒரு தேவதூதனின் கால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. ஆதாம் ஏற்கெனவே கண் திறந்து உயிரோடுதான் இருக்கிறான், ஆகவே கடவுள் தருவது உயிரை அல்ல, அறிவை என்பது அவர் முடிவு.

கட்டுரை வந்த நேரமும் அதற்குச் சாதகமாக இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் படிந்த மெழுகுவர்த்திப் புகையையும் அழுக்கையும் நீக்கும் பணி 1980இல் தொடங்கி, விதானம் பளிச்சென்று வெளிவந்த சமயம் அது.

பார்த்தால் அச்சு அசல் மூளை மாதிரிதானே இருக்கிறது? அப்புறம் என்ன சந்தேகம்?

இருக்கிறதுதான். நானும் மறுக்கவில்லை. ஆனால் அது யாருக்கு மூளை மாதிரி இருக்கிறது என்பதுதான் விஷயம். நெடுக்கு வெட்டில் தெரியும் மூளை நமக்குப் பாடப்புத்தகத்திலிருந்தும் எம்ஆர்ஐ படங்களிலிருந்தும் பழகிப்போனது. 1511இல் மூளையை அப்படிப் பார்ப்பது எளிதல்ல. பதப்படுத்தாத மூளை கையில் எடுத்தாலே குழைந்துவிடும். திசுக்களைக் கெட்டிப்படுத்த ஃபார்மலினைப் பயன்படுத்தலாம் என்பது 1893இல்தான் தெரியவந்தது. அதற்கு முன்பு மண்டையோட்டின் மேல்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக வில்லை வில்லையாக வெட்டிக்கொண்டு போவதே வழக்கம். 1543இல் வந்த வெசாலியஸின் புகழ்பெற்ற உடற்கூறியல் நூலிலும் மூளை அப்படித்தான் காட்டப்படுகிறது. லியோனார்டோ 1489இல் மண்டையோட்டை நெடுக வெட்டி வரைந்திருக்கிறார் என்பது உண்மை. ஆனால் அது எலும்பு. கையில் எடுத்தாலும் குழையாமல் நிற்கக்கூடிய பொருள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. 2015இல் மேயோ மருத்துவ நிறுவனத்தின் இதழில் இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, அதே போர்வையைப் பிரசவம் முடிந்த கருப்பை என்றது. பச்சைத் துணி தொப்புள்கொடியாம். ஒரே துணி, ஒரே மடிப்பு, இரண்டு உறுப்பு. இரண்டு பக்கமும் “பாருங்கள், எப்படி அச்சாகப் பொருந்துகிறது” என்கிறது.

கலை வரலாற்றாளர்களின் பதில் இதைவிடச் சாதாரணமானது. வானில் செல்லும் தெய்வங்களின் பின்னே காற்றில் உப்பிய துணியைக் காட்டுவது பழைய ரோமானியச் சிற்ப மரபு. ரோமில் வேலை பார்த்த மைக்கேலாஞ்சலோவின் கண்ணில் அது படாமல் இருந்திருக்காது.

மூளை தவிர வேறு எந்தெந்த உறுப்புகளைக் கண்டிருக்கிறார்கள்?

பட்டியல் நீளம். சுவாரசியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

அதே விதானத்தில் நிலத்தையும் நீரையும் பிரிக்கும் காட்சியில் கடவுளின் மேலங்கி சிறுநீரக வடிவத்தில் இருப்பதாக 2000இல் கராபெட் எக்னோயன் எழுதினார். அவர் சிறுநீரக மருத்துவர். மைக்கேலாஞ்சலோவுக்குச் சிறுநீர்க் கல் தொந்தரவு இருந்தது உண்மை என்பதால் இந்தக் கருத்து கொஞ்சம் பரவியது. ஆனால் கல் பற்றிய புலம்பல்கள் அவருடைய முதுமைக் காலக் கடிதங்களில் வருபவை. விதானம் தீட்டும்போது அவருக்கு முப்பது சொச்சம் வயது.

ஒளியையும் இருளையும் பிரிக்கும் காட்சியில் கடவுள் தலையை அண்ணாந்து நிற்கிறார். நமக்குத் தெரிவது தாடையின் அடிப்பகுதியும் கழுத்தும்தான். கழுத்தில் விசித்திரமான மேடுபள்ளங்கள். 2003இல் அதை முன்கழுத்துக் கழலை என்றார்கள். 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் சுக்கும் ரஃபேல் டமார்கோவும் அதைக் கீழிருந்து பார்க்கும் மூளைத்தண்டு என்றார்கள். ஒருவர் மருத்துவ ஓவியர், மற்றவர் மூளை அறுவை மருத்துவர். இருப்பதில் வலுவான வாதம் இவர்களுடையது. மற்ற உருவங்களின் கழுத்து வழவழப்பாக இருக்க இந்த ஒரு கழுத்து மட்டும் ஏன் இப்படி, வெளிச்சமும் ஏன் வேறு திசையிலிருந்து விழுகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி நியாயமாக இருப்பதால் பதிலும் சரியாகிவிடாது.

கழலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அண்ணாந்து அண்ணாந்து வரைந்து எனக்கே கழலை வந்துவிட்டது, தாடி வானத்தைப் பார்க்கிறது, தூரிகை முகத்தில் சொட்டுகிறது என்று மைக்கேலாஞ்சலோ ஒரு கிண்டல் கவிதை எழுதி நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கழுத்தில் தன்னையே நையாண்டி செய்துகொண்டாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

பொட்டிச்செல்லியையும் விட்டுவைக்கவில்லை. “வசந்தம்” ஓவியத்தில் வீனஸின் இருபுறமும் மரக்கிளைகளுக்கு நடுவே தெரியும் வானம் நுரையீரல் என்றும், அவருடைய இன்னொரு ஓவியத்தில் மாதா மடியில் குழந்தை பிடித்திருக்கும் மாதுளம்பழம் வெட்டிய இதயம் என்றும் சொல்கிறார்கள்.

மைக்கேலாஞ்சலோ நிஜமாகவே பிணங்களை அறுத்தாரா?

அறுத்தார். இதில் சந்தேகமே வேண்டாம். பதினெட்டு வயது வாக்கில், ஃபிளாரன்ஸில் சாந்தோ ஸ்பிரிடோ மடத்தின் தலைவர் அவருக்கு ஓர் அறையும் சடலங்களும் கொடுத்து உதவினார். நன்றிக்கடனாக மைக்கேலாஞ்சலோ மரத்தில் ஒரு சிலுவை செதுக்கிக் கொடுத்தார். காணாமல் போனதாகக் கருதப்பட்ட அந்தச் சிலுவை 1960களில் அடையாளம் காணப்பட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1553இல், சீடர் கோண்டிவி எழுதிய வாழ்க்கை வரலாற்றிலேயே இந்த விவரங்கள் இருக்கின்றன. அறுத்து அறுத்து வயிறு கெட்டு, சாப்பாடே இறங்காமல் போனதால் கடைசியில் விட்டுவிட்டாராம்.

ரெயால்டோ கொலம்போ என்ற உடற்கூறியலாளரோடு சேர்ந்து ஒரு நூல் கொண்டுவரும் திட்டமும் இருந்தது. அது நடக்கவில்லை. 1559இல் கொலம்போவின் நூல் மைக்கேலாஞ்சலோவின் படங்கள் இல்லாமலே வெளிவந்தது.

சடலத்தை அறுப்பதைத் திருச்சபை தடை செய்திருந்தது, அதனால்தான் ஒளித்து வரைந்தார் என்கிறார்களே?

இந்த விஷயத்தில் அதிகம் பரவிய பொய் இதுதான். இத்தாலியில் பொலோனா பல்கலைக்கழகத்தில் மொந்தினோ என்ற பேராசிரியர் 1315லேயே மாணவர்கள் முன்னிலையில் உடலைக் கூறுபோட்டுக் காட்டினார். தடை என்று சுட்டிக்காட்டப்படும் 1299ஆம் ஆண்டு ஆணை, எட்டாம் போனிஃபேஸ் போப்பாண்டவர் பிறப்பித்தது. தூர தேசத்தில் இறந்தவர்களின் உடலை வெட்டி வேகவைத்து, எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டுவரும் வழக்கத்துக்கு எதிரானது அது. மருத்துவப் படிப்புக்கு எதிரானதல்ல.

இன்னும் கேளுங்கள். 1482இல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்கு, மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை அறுத்துப் படிக்க அனுமதி கொடுத்தவர் நான்காம் சிக்ஸ்டஸ் போப்பாண்டவர். சிஸ்டைன் சிற்றாலயம் கட்டியதும் அவர்தான், அந்தப் பெயரே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அனுமதி கொடுத்தவர் கட்டிய கூரையிலேயே, அனுமதி இல்லாததை ஒளித்து வரைந்தார் என்று கதை கட்டினால் எப்படி?

கட்டுப்பாடுகள் இருந்தன. கண்ட உடலையும் அறுக்க முடியாது, கல்லறையைத் தோண்டித் திருடினால் தண்டனை உண்டு. அது வேறு, மூளையை ரகசியமாக வரைய வேண்டிய அளவுக்குப் பயம் வேறு.

ஓவியருக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்?

எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம். மறுமலர்ச்சி ஓவியத்தில் ஒளிந்திருக்கும் உடற்கூறு போர்வை மடிப்பில் இல்லை, தோலுக்கு அடியில் இருக்கிறது.

1435இல் ஆல்பெர்ட்டி ஓவியக் கலை பற்றி எழுதிய நூலில் தெளிவாகவே சொல்லிவிட்டார்: உடுத்திய மனிதனை வரைவதற்கு முன்பு அவனை ஆடையில்லாமல் வரை. ஆடையில்லாமல் வரைவதற்கு முன்பு எலும்புகளை அமை, அவற்றின் மேல் தசைகளை வை, பிறகு தோலால் மூடு. பட்டறையில் பையன்கள் இப்படித்தான் பழகினார்கள். ரஃபேல் 1507இல் தீட்டிய, இயேசுவின் உடலைச் சுமந்து செல்லும் ஓவியம் ரோமின் போர்கேசே கூடத்தில் இருக்கிறது. அதில் மயங்கி விழும் மரியாளுக்காக அவர் போட்ட ஒரு பயிற்சிக் கோட்டோவியம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் மரியாள் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எலும்புக்கூடு, அதே கோணத்தில் துவண்டு கிடக்கிறது. முடிந்த ஓவியத்தில் நமக்குத் தெரிவது துணி மட்டும். துணி ஏன் அந்த இடத்தில் அப்படி விழுகிறது என்பதற்குக் காரணமாக ஒரு விலா எலும்பும் இடுப்பெலும்பும் உள்ளே இருக்கின்றன.

மைக்கேலாஞ்சலோவின் லிபியச் சிபிலைப் பாருங்கள். விதானத்தின் ஓரத்தில், ஒரு பெரிய புத்தகத்தை எடுக்க உடலைத் திருப்பியிருக்கும் தீர்க்கதரிசினி. அவளுக்காகச் சிவப்புச் சுண்ணக்கட்டியில் வரைந்த தாள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாடலாக நின்றது ஆண்பிள்ளை என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். தோள்பட்டை எலும்பின் மேல் தசைகள் எப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன என்று முதுகு முழுக்க நிதானமாக நிழலிட்டிருக்கிறார். அதே தாளின் கீழ்ப்பகுதியில் இடது காலின் பெருவிரல் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. உடல் திரும்பும்போது முழுக் கனமும் இறங்கும் இடம் அது. விரல் தரையில் அழுந்தும்போது சதை எப்படிப் பிதுங்குகிறது என்பது பிடிபடும்வரை விடவில்லை மனிதர். கீழே, ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி நிற்கும் யார் கண்ணுக்கும் அந்த விரல் சரியாகத் தெரியப்போவதில்லை.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஃபிளாரன்ஸில் ஓவியர்கள் சேர்ந்திருந்த தொழிற்சங்கம் மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் இருந்த அதே சங்கம். வண்ணப்பொடி விற்றது மருந்துக் கடைதான். ஓவியரும் வைத்தியரும் ஒரே கடை வாசலில் நின்றவர்கள்.

லியோனார்டோ டா வின்சி இதில் எங்கே வருகிறார்?

முப்பதுக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்ததாக 1517இல் தன்னைப் பார்க்க வந்த ஒரு கர்தினாலிடம் லியோனார்டோ சொன்னதை, உடன் வந்த செயலாளர் குறித்து வைத்திருக்கிறார். ஃபிளாரன்ஸின் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையில் நூறு வயது கடந்த ஒரு பெரியவர் லியோனார்டோவோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு அமைதியாக இறந்துபோனார். அவ்வளவு இதமான சாவுக்குக் காரணம் என்ன என்று அறிய அந்த உடலை அறுத்துப் பார்த்து, இரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கியிருந்ததை எழுதி வைத்தார். இன்று தமனித் தடிப்பு என்கிறோமே, அதுதான். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வின்சர் சேகரிப்பில் உள்ளன.

ஆனால் லியோனார்டோ எதையும் ஓவியத்தில் ஒளிக்கவில்லை. தாளில் வெளிப்படையாக வரைந்தார், பக்கத்தில் குறிப்பும் எழுதினார். வெளியிடாமல் போனதுதான் நஷ்டம்.

அப்படியானால் வேண்டுமென்றே ஒளித்து வைத்த உறுப்பு ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. அதில் ரகசியம் எதுவும் இல்லாததால் வாட்ஸ்அப்பில் வருவதில்லை.

லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஹோல்பைன் 1533இல் தீட்டிய “தூதர்கள்” இருக்கிறது. இரண்டு பெரிய மனிதர்கள், நடுவே உலக உருண்டை, இசைக்கருவி, புத்தகங்கள். காலடியில் சாய்வாக நீண்டு, இன்னதென்று புரியாத சாம்பல் நிறப் பட்டை. நேரே நின்றால் ஓவியத்தில் யாரோ எதையோ கொட்டிவிட்ட மாதிரி இருக்கும். வலப்பக்கச் சுவரை ஒட்டி நகர்ந்து, ஓரத்திலிருந்து பார்த்தால் அது சுருங்கிச் சரியான அளவில் ஒரு மண்டையோடாக எழுகிறது. அந்தக் கோணத்தில் தூதர்கள் இருவரும் நசுங்கிப் போகிறார்கள். இடப்பக்கம் நிற்கும் தூதரின் தொப்பியிலும் குட்டியாக ஒரு மண்டையோட்டுப் பதக்கம் இருக்கிறது. இது தற்செயல் என்று யாரும் வாதாட முடியாது.

மருத்துவர் ஒருவரின் கண்டுபிடிப்பு நிலைத்துவிட்டதும் உண்டு. மைக்கேலாஞ்சலோவின் “இறுதித் தீர்ப்பு” ஓவியத்தில் புனித பர்த்தலோமேயு தன் உரித்த தோலைக் கையில் பிடித்திருக்கிறார். தொய்ந்து தொங்கும் அந்தத் தோலில் இருக்கும் முகம் மைக்கேலாஞ்சலோவுடையது என்று 1925இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ லா காவா சொன்னார். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு பொதுமக்கள் கண்ணெதிரே இருந்த முகம். இன்று பெரும்பாலான கலை வரலாற்றாளர்கள் இதை ஏற்கிறார்கள்.

மருத்துவர்கள் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடலாமா?

கூடாது. உள்ளே இருக்கும் உறுப்பைத் துணியில் தேடும்போதுதான் அவர்கள் தடுமாறுகிறார்கள். உடலின் மேல் தெரிவதைப் படிக்கும்போது அவர்கள் கண் கூர்மையானது. ஓவியம் இல்லை, சிற்பம்தான் என்றாலும் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையைச் சொல்லலாம். 2019இல் இதய மருத்துவர் டேனியல் கெல்ஃப்மன், அதன் கழுத்துச் சிரை புடைத்திருப்பதைக் கவனித்து எழுதினார். கோலியாத்தோடு மோதப்போகும் படபடப்பில் இருக்கும் ஆரோக்கியமான இளைஞனுக்கு அது பொருந்தும். ஃபிளாரன்ஸ் மெடிச்சி சிற்றாலயத்தின் “இரவு” சிலையில் இடது மார்பில் இருக்கும் குழிவும் கட்டியும் மார்பகப் புற்றுநோய் என்று 2000இல் புற்றுநோய் மருத்துவர் ஒருவரும் கலை வரலாற்றாளர் ஒருவரும் சேர்ந்து எழுதினார்கள். மைக்கேலாஞ்சலோவுக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததைக் கல்லில் வைத்திருந்தால் போதும்.

இல்லாதது இருப்பதாக ஏன் தெரிகிறது?

முகத்தையும் பழகிய வடிவத்தையும் எங்கும் தேடுவது நம் கண்ணின் பழக்கம். லியோனார்டோவே இளம் ஓவியர்களுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: கறைபடிந்த சுவரை உற்றுப் பார், மலைகளும் போர்க்களமும் முகங்களும் தெரியும், கற்பனைக்கு உதவும். நாள் முழுக்கச் சிறுநீரகத்தைப் பார்ப்பவருக்குச் சிறுநீரகம் தெரிவதில் அதிசயம் இல்லை. மகளிர் மருத்துவர் மெஷ்பெர்கர் அந்த விதிக்கு விலக்கு. அவர் கருப்பையை விட்டுவிட்டு மூளையைக் கண்டார், அந்த இடம் இருபத்தைந்து ஆண்டு காலியாகக் கிடந்து பிறகு நிரம்பியது.

ஆனால் ஓவியர்கள் இந்தப் பழக்கத்தைத் தெரிந்தே பயன்படுத்தியதும் உண்டு. வியன்னாவில் இருக்கும் மான்டேனியாவின் புனித செபஸ்தியார் ஓவியத்தில், இடப்பக்க மேகத்துக்குள் ஒரு குதிரைவீரன் ஒளிந்திருக்கிறான். ஆகவே “ஒளித்து வைக்கும் வழக்கமே இல்லை” என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

நாளைக்குப் புதிதாக ஓர் உறுப்பைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தால்?

முதலில், படத்தின் மேல் வரைந்திருக்கும் கோடுகளை நீக்கிவிட்டுப் பாருங்கள். சுட்டிக்காட்டும் கோடு இல்லாமல் உங்களுக்கே தெரிகிறதா? அடுத்து, அந்த உறுப்பை அந்தக் கோணத்தில் அந்தக் காலத்தில் யாராவது பார்த்திருக்க முடியுமா? அதே ஓவியர் அதே வடிவத்தை வேறெங்காவது, தாளிலோ சிற்பத்திலோ வரைந்து பழகியிருக்கிறாரா? ஹோல்பைனின் மண்டையோடு எல்லாவற்றிலும் தேறும். சிறுநீரகம் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். மூளைத்தண்டு நடுவில் எங்கோ நிற்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமென்றால்?

சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு வத்திக்கான் அருங்காட்சியகச் சீட்டிலேயே போகலாம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, கூட்டமும் அதிகம். சின்னத் தொலைநோக்கி ஒன்று கையில் இருந்தால் நல்லது. போக வழியில்லாதவர்கள் வத்திக்கான் அருங்காட்சியகத் தளத்தில் விதானத்தைச் சுற்றிப் பார்க்கலாம், கழுத்து வலிக்காது. லிபியச் சிபில் தாளின் படத்தை மெட்ரோபாலிடன் தளத்தில் பெரிதாக்கிப் பார்க்க முடியும். லண்டனில் “தூதர்கள்” முன்னால் நின்றால் ஓவியத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்து, சுவரை ஒட்டியபடி இடப்பக்கக் கீழ் மூலையை நோக்கிப் பாருங்கள். அங்கே இருவர் மூவர் ஏற்கெனவே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றால், இடம் கிடைக்கும்வரை கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.